‘புரியுதா?’ என்று கேட்பதை நிறுத்திய கதை

தமிழ் தாய்மொழி, இலக்கணமும் ஓரளவு தெரியும், அப்புறம் என்ன என்ற தைரியத்தில்தான் அந்தப் பயிற்சியில் சேர்ந்தேன். தமிழ் தெரியாத பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சி, நான்கு மாதம். முதல் மாதிரி வகுப்பில் நான்காம் வேற்றுமையை இருபது நிமிடம் விளக்கித் தள்ளினேன். நடுநடுவே "புரியுதா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் பயிற்றுநர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவங்க எத்தனை வாக்கியம் பேசினாங்க?"

இரண்டோ மூன்றோ. அதில் ஒன்று "நன்றி".

மறுநாள் அவர் எங்களுக்குத் துருக்கி மொழி நடத்தினார். ஒரு மணி நேரம், ஒரு சொல்கூட மொழிபெயர்ப்பு இல்லை. "ஒதுர்" என்று சொல்லி உட்கார்ந்தார், "கல்க்" என்று சொல்லி எழுந்தார், எங்களையும் செய்யச் சொன்னார். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய முறை இது. கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொன்னால் போதும், பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பத்து நிமிடத்தில் நாற்காலிகளோடு ஒரே கூத்து. ஆனால் திடீரென்று என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டார் பாருங்கள், தெரிந்த சொல்லும் மறந்துபோய் வாயைத் திறக்க முடியவில்லை. என் முதல் வகுப்பில் தலையாட்டியவர்களின் நிலைமை அப்போதுதான் உறைத்தது.

கோட்பாட்டுப் பாடங்கள் நான் பயந்த அளவுக்கு இல்லை. மாணவர் செய்யும் பிழை அவர் மனதுக்குள் மொழி எப்படி உருவாகிறது என்பதற்கான தடயம் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967லேயே எழுதியிருக்கிறார். தாய்மொழியும் இல்லாமல் கற்கும் மொழியும் இல்லாமல் நடுவில் தனக்கென்று விதிகளோடு இருக்கும் அந்த மொழிக்கு 1972ல் இன்னொரு மொழியியலாளர் செலிங்கர் ‘இடைமொழி’ என்று பெயர் வைத்தார். புரியும்படியான மொழியைக் கேட்டாலே கற்றல் நடக்கும் என்பது அமெரிக்க மொழியியலாளர் கிராஷன் கட்சி. கனடாவில் பல வருடம் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள் பேச்சில் இலக்கணம் தடுமாறுவதைக் கண்டு, பேசவும் எழுதவும் வைக்க வேண்டும் என்பது அங்கே ஆய்வு செய்த மெரில் ஸ்வெயின் கட்சி. நான் இரண்டாம் கட்சிதான், அந்தத் துருக்கி வகுப்பில் வாயடைத்துப்போன பிறகும்.

என்னை உண்மையில் மாற்றியது ஒரு வீட்டுப்பாடம். நம் வகுப்பை ஒலிப்பதிவு செய்து, அதில் பத்து நிமிடத்தை அப்படியே எழுதி எடுக்க வேண்டும். "ம்", "ஆ", இடைவெளி ஒன்றும் விடாமல். பத்து நிமிடத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. தன் குரலைத் தானே கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை. அதில் ஒரு பகுதி இது:

மாணவர்: நான் பசிக்கிறேன்.
நான்: ஓ, உங்களுக்குப் பசிக்கிறதா?
மாணவர்: ஆமாம், நான் பசிக்கிறேன்.
நான்: நல்லது, அடுத்தது.

திருத்திவிட்டேன் என்றுதான் அன்று நினைத்திருந்தேன். அவர் காதில் விழுந்ததோ அக்கறையான ஒரு கேள்வி. சரியான வடிவத்தை இப்படிச் சொல்லிக்காட்டி நகர்வதற்கு மறுவார்ப்பு என்று பெயர். லிஸ்டர், ரான்டா என்ற இரு மொழிக்கல்வி ஆய்வாளர்கள் 1997ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மாணவர் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்வினை காட்டியதோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாணவர் வாயிலிருந்தே வரவழைக்கும் தூண்டல் முறையில்தான் ஒவ்வொரு முறையும் எதிர்வினை கிடைத்திருக்கிறது. அந்த ஆய்வைப் படித்தபோது என் பத்து நிமிடத்தையே யாரோ எண்ணியது போலிருந்தது.

இன்னொரு கண்றாவி, கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருக்கவே இல்லை. ஒரு நொடிகூட ஆகாது, நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நொடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். வகுப்பில் மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். மேசைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணப் பழகினேன்.

"புரியுதா?" போனதற்கு மாற்றாக வந்தவை சின்னச் சின்னக் கேள்விகள். "கடிதம் எழுதிவிட்டேன்" என்று நடத்தினால், "இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். பதிலில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற சண்டை மட்டும் எங்கள் குழுவில் கடைசிவரை தீரவில்லை. "செல்கிறேன்" என்று கற்றவரிடம் ஊரே "போறேன்" என்கிறது, அவர் என்ன செய்வார்? பேச்சுத் தமிழில் தொடங்கி, எழுத்துத் தமிழைப் பின்னால் கொண்டுவருவதுதான் சரி என்பேன். அதற்காக ஒரு பாடத் திட்டத்தில் மதிப்பெண்ணும் இழந்திருக்கிறேன்.

கடைசி மதிப்பீட்டு வகுப்பில் அதே மாணவர் வந்தார். இடைப்பட்ட வாரங்களில் நாங்கள் ‘எனக்கு’வை நிறையப் புழங்கியிருந்தோம். "எனக்குப் பசிக்கிறது" தடுமாறாமல் வந்தது. உற்சாகத்தில் அவரே தொடர்ந்தார்: "எனக்குத் தூங்குகிறது."

பயிற்றுநர் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம் அது. விதியைப் பிடித்து இவராகவே அடுத்த வினைக்கும் நீட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "எனக்குத் தூக்கம்…" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். மேசைக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விரலை மடக்கும்போது, "வருகிறது?" என்றார்.