‘நார்மல்’ என்று நான் சொன்ன சொல்

சென்னிமலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் 21 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டம் வைத்திருப்பவர்கள், தறி ஓட்டுபவர்கள், பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது உயர் இரத்த அழுத்தத்தை. ஊரில் அதற்குப் பிரஷர் என்றுதான் பெயர். நாளொன்றுக்கு முப்பது நாற்பது பேருக்குக் கையில் பட்டையைச் சுற்றி அளவு பார்ப்பதும், அது சரியாக இருந்தால் “நார்மலா இருக்குதுங்க” என்று சொல்லி அனுப்புவதும் என் வழக்கமாக இருந்தது. அந்தச் சொல்லில் இருந்த பிழை, ஒருவருக்குக் கையும் பேச்சும் முடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

அவருக்கு அப்போது வயது 54. மூன்று ஏக்கர் தென்னந்தோப்பும் வீட்டை ஒட்டி ஆறு தறிகளும் வைத்திருந்தார். காலில் மட்டை குத்திய காயத்துக்காக வந்தவருக்கு அளவு பார்த்தபோது 170/100 இருந்தது. வலியால் ஏறியிருக்கலாம் என்று எண்ணி, காயம் ஆறிய பிறகு வேறு இரண்டு நாட்களில் வரச் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் குறையவில்லை. அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வந்தார், அளவு 130/80. அவருடைய நோட்டில் அதை எழுதி, பக்கத்திலேயே ‘நார்மல்’ என்றும் எழுதினேன். இன்னொரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மகிழ்ச்சியாகப் போனார். அதன்பின் எட்டு மாதங்கள் அவர் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன், விசாரிக்கவில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணி அளவில், காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. பேச்சு குழறியிருக்கிறது. இரவெல்லாம் தறியில் நின்ற அசதி என்று வீட்டார் நினைத்து, கையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். மகன் வேலை முடிந்து வந்து பார்த்துக் கோவைக்குக் கொண்டுபோனபோது மாலை ஆகியிருந்தது. மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்துக்கு, அந்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னதாக சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் போவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும், தேய்ப்பதற்கோ தூங்க வைப்பதற்கோ நேரமில்லை, 108க்கு அழைக்க வேண்டும் என்பதை இப்போது பிரஷர் உள்ள ஒவ்வொருவரின் வீட்டாரிடமும் சொல்லி வைக்கிறேன். அந்தத் தோப்புக்காரரின் வீட்டாரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி என்னிடம் வந்தார். கையில் அந்த நோட்டும், நான்கைந்து மாத்திரைகள் மட்டுமே பிரிக்கப்பட்ட ஓர் அட்டையும் இருந்தன. அவர் கோபப்படவில்லை. “நீங்கதானுங்க டாக்டரம்மா நார்மல் ஆயிருச்சுன்னு எழுதிக் குடுத்தீங்க. நல்லாப் போனதுக்கப்புறம் எதுக்கு மாத்திரைன்னு எடுத்து வெச்சுட்டாருங்க. தப்புங்களா?” என்று கேட்டார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நோட்டில் என் கையெழுத்து இருந்தது.

அதுவரை, மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் கடிந்துகொள்வதுண்டு. அன்று இரவு யோசித்தபோது, அவர்கள் பக்கத்து நியாயம் எனக்கு முதன்முறையாக விளங்கியது. காய்ச்சல் தணிந்ததும் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோம். வயிற்றுப்போக்கு நின்றதும் மருந்தை நிறுத்துகிறோம். நோய் போனால் மருந்தும் போகும் என்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் பட்டறிந்த ஒழுங்கு. வலியோ வேக்காடோ எதுவும் காட்டாத ஒரு நோய்க்கு, எண்ணைப் பார்த்து மாத்திரை கொடுத்து, அந்த எண் இறங்கியதும் மருத்துவரே ‘நார்மல்’ என்று எழுதினால், நோய் போய்விட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்? நான் சொல்ல நினைத்தது, மாத்திரை வேலை செய்கிறது என்பதை. அவர் காதில் விழுந்தது, மாத்திரைக்கு வேலை இல்லை என்பது.

இதில் மருந்தின் தன்மையும் சேர்ந்து ஏமாற்றுகிறது. அம்லோடிபின் உடலில் நீண்ட நேரம் தங்கும் மருந்து. கடைசி மாத்திரை போட்ட பிறகு அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். எனவே நிறுத்திய மறுநாள் எந்த மாற்றமும் தெரியாது. மூன்றாம் நாள் எங்காவது அளவு பார்த்தால்கூடப் பெரிய வித்தியாசம் இருக்காது. “நிறுத்திப் பாத்தேனுங்க, ஒண்ணும் ஆகலீங்க” என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்த்த நாள்வரை உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை. அழுத்தம் பிறகு மெல்ல மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வந்து, சத்தமில்லாமல் அங்கேயே நிற்கிறது. வேறு சில மருந்துகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அட்டினோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரக்கூடும் என்பதால், எந்த மாத்திரையையும் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் எளிய முறையில் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு வழி காட்டியவர், வெள்ளோட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மஞ்சள் விவசாயி. அவரிடம் சுற்றி வளைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, “ஏனுங்க, இது நம்ம சொட்டுநீர்க் கதைதானுங்களே” என்றார். கிணற்று மோட்டார் தள்ளும் தண்ணீர் முழுவதையும் சொட்டுநீர்க் குழாய்க்குள் விட்டால் அழுத்தம் தாங்காமல் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். அதனால் பைபாஸ் வால்வைக் கொஞ்சம் திறந்து, மிகையான தண்ணீரை மறுபடி கிணற்றுக்கே விடுவார்கள். அளவுமானியில் முள் ஒன்று, ஒன்றரைக் கிலோவில் நிற்கும். “முள்ளு சரியா நிக்குதேன்னு பைபாஸ அடைச்சா என்னாகுமுங்க? பைபாஸ் தொறந்திருக்கறதாலதானுங்க முள்ளு அங்க நிக்குது!” என்று அவரே முடித்தார். படிப்பிலும் பயிற்சியிலுமாகப் பல ஆண்டுகள் கழித்த எனக்கு அந்த உவமை தோன்றியிருக்கவில்லை. இப்போது தோட்டக்காரர்கள் யார் வந்தாலும் அதைத்தான் சொல்கிறேன். சொட்டுநீர்க் குழாயில் முதலில் கெடுவது கடைக்கோடி என்பதையும் அவர்கள் அறிவார்கள். மூளை, கண், சிறுநீரகம் ஆகிய இடங்களின் நுண்ணிய குழாய்களைப் பற்றிப் பேச அது உதவுகிறது.

நோட்டில் எழுதும் முறையையும் மாற்றிக்கொண்டேன். ‘நார்மல்’ என்று எழுதுவதில்லை. ‘மாத்திரையுடன் 130/80, தொடரவும்’ என்று எழுதுகிறேன். அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதையும் எழுதி, வீட்டிலிருந்து உடன் வந்தவரை அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

அளவு பார்ப்பதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் கைப்பட்டையைக் கொண்டு அழுத்தம் அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டு, மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கண்டறியும் முறையைச் சொன்னார். நூறாண்டுகளுக்கு மேல் பழகிவிட்ட இந்த எளிய காரியத்தைத்தான் அவசரத்தில் நாம் அதிகம் கெடுக்கிறோம். பேருந்திலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவருக்கு உடனே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டீ குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். கால்மேல் கால் போட்டிருந்தாலே அளவு ஏறும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் ஏறும். என் அறையில் இப்போது அதற்கென்றே கைப்பிடி வைத்த தனி நாற்காலி இருக்கிறது. வரிசை நீளுகிறது என்று காத்திருப்பவர்கள் குறைபட்டாலும் அந்த ஐந்து நிமிடத்தை நான் விடுவதில்லை. தவறான ஓர் எண்ணை நம்பி ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் மாத்திரை எழுதுவது சிறிய பிழை அன்று.

மாத்திரையை நிறுத்துவதற்கு இன்னொரு காரணம், அதனால் வரும் தொந்தரவுகளை நாங்கள் முன்கூட்டிச் சொல்லாமல் விடுவது. அம்லோடிபின் எடுத்துக்கொள்ளும் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். அதைக் கண்டதும் கிட்னி போய்விட்டது என்று பயந்து, மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆசிரியை எனாலபிரில் என்ற வேறொரு பிரஷர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். வறட்டு இருமலுக்காக நான்கு மாதம் சிரப்பு மாற்றி மாற்றிக் குடித்தும், சளிப் பரிசோதனை செய்தும் ஓயாமல், கடைசியில் என்னிடம் வந்தார். சிலருக்கு இருமலைக் கொண்டுவருவது அந்த மாத்திரையின் அறியப்பட்ட குணம். வேறு மாத்திரைக்கு மாற்றிய மூன்றாம் வாரத்தில் இருமல் நின்றது. இரண்டு தொந்தரவுக்கும் மாற்று மருந்து உண்டு. வந்து சொன்னால் போதும். வந்து சொல்லலாம் என்ற துணிவை நாம்தான் கொடுத்து அனுப்ப வேண்டும்.

என்னை இன்றும் மிகவும் வருத்துவது வலி மாத்திரைதான். தறிக்குடோனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவருக்குக் காலும் இடுப்பும் வலிக்காமல் இருக்காது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் மெடிக்கலில் நின்று, “வலிக்கு ரெண்டு குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த உறையில் பெரும்பாலும் டைக்ளோபினாக் அல்லது அசிக்ளோபினாக் இருக்கும். நாள்தோறும் போட்டுக்கொண்டால் அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒழுங்காக மாத்திரை எடுத்தும் அளவு இறங்காதவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தறிச் சத்தத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்து காது மந்தமானவர்களிடம் குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்குக் கேட்குமே என்று அவர்கள் கூசுவதால், அவர்களை மட்டும் கடைசியாக உள்ளே அழைத்துப் பேசுகிறேன். வலியே இல்லாதது போல் “போடாதீங்க” என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. தேவைப்படும் நாளில் அளவாகப் பாராசிட்டமால், காலுக்கு இறுக்கமான உறை, நடுநடுவே உட்கார ஒரு முக்காலி என்று சொல்கிறேன். முக்காலியைத் தறி முதலாளிகள் சிலர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், சிலர் இல்லை.

உப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் வீடுகளில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் அப்பளமும் உப்புப் போட்ட மோருமே அதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். இந்துப்பு கெடுதல் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு பலருக்கு நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களே வீடு தேடிச் சென்று அளவு பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். என்னிடம் வராமல் நின்றுபோன சிலர் அந்தப் பெண்களின் கையால் மாத்திரை வாங்கித் தொடர்வதைப் பார்த்து மனம் நிறைந்திருக்கிறேன். பக்கத்து வளவுப் பெண் வாசலில் நின்று, “ஏனுங்க அப்பாரு, நேத்து மாத்திர போட்டீங்களா?” என்று கேட்பதற்கு உள்ள வலிமை என் மருந்துச் சீட்டுக்கு இல்லை.

பக்கவாதம் வந்த அந்தத் தோப்புக்காரர் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். வலது கையில் விரல்கள் மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை; பேச்சு ஏறக்குறையத் திரும்பிவிட்டது. சென்ற மாதம் மகனையும் அழைத்து வந்திருந்தார். மகனுக்கு வயது 33. தனக்கு ஒன்றும் இல்லை, அப்பாவைக் கொண்டுவந்து விடத்தான் வந்தேன் என்று வாசலிலேயே நின்றார். தாய் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து கைப்பிடி நாற்காலியில் உட்கார வைத்தார். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு நான் அடுத்தவரின் நோட்டை எடுத்தேன். சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த தந்தை, மகனின் முழங்காலில் தன் இடது கையை வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிச் சொன்னார்:

“கால... எறக்கி... வெய் கண்ணு.”

மகன் காலை இறக்கித் தரையில் ஊன்றினார். நான் பட்டையை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன்.