அரிமானத் தாள்: சுழல் மின்முனைக் கேள்விக்கு நான் படித்த விதம்

ரிசல்ட் வந்துவிட்டது. அரிமானம், அதாவது உலோக அரிப்பு பற்றிய தாளில் தேறினால் போதும் என்றிருந்தேன். கடைசியில் அதிக மதிப்பெண் இதில்தான். காப்பாற்றியது சுழல் மின்முனைக் கேள்வி: உலோக வட்டையோ உருளையையோ கரைசலில் சுழற்றி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை. வட்டின் சுழல் வேகத்தையும் மின்னோட்டத்தையும் இணைக்கும் லெவிச் சமன்பாட்டைத் தருவிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

என் சிபாரிசு ஒன்றுதான்: கேள்வியில் தரும் வேகம்-மின்னோட்ட அட்டவணையைப் பார்த்ததும் சமன்பாட்டைத் தேடாதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். வேகம் 400 ஆர்பிஎம்மிலிருந்து 1600-க்குப் போகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வட்டு, வேகத்தின் அடுக்கு 0.5. சுமார் 2.6 மடங்கானால் உருளை, அதற்கான ஐசன்பர்க் சமன்பாட்டின் அடுக்கு 0.7. ஓட்டம் சீரா கொந்தளிப்பா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 200-ஐத் தாண்டினாலே உருளையைச் சுற்றிக் கொந்தளிப்பு வந்துவிடும். வட்டிலோ லட்சத்தை நெருங்கும் வரை ஓட்டம் சீராகவே இருக்கும். மின்னோட்டம் அசையவே இல்லையா? நிறைக்கடத்தலுக்கு, அதாவது கரைசல் வழியே பொருள் மேற்பரப்புக்கு வந்து போவதற்கு, அங்கே வேலையில்லை. மேற்பரப்பு வினையோ உலோகத்தை மூடிக் காக்கும் செயலறு படலமோதான் கட்டுப்படுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் கூடெக்கி-லெவிச் வரைபடம்: மின்னோட்டத்தின் தலைகீழியை வேக வர்க்கமூலத்தின் தலைகீழிக்கு எதிரே வரைவது. கோட்டின் வெட்டுத்துண்டிலிருந்து, கடத்தல் தடையில்லாவிட்டால் வரக்கூடிய வினைவேக மின்னோட்டம் கிடைக்கும்.

மனப்பாடம் எனக்கு வராது. அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டேன்: காற்று கரைந்த நீரில், 1600 ஆர்பிஎம்மில், வட்டில் ஆக்சிஜன் ஒடுக்கத்தின் வரம்பு மின்னோட்டம் (ஆக்சிஜன் வந்துசேரும் வேகம் அனுமதிக்கும் உச்சம்) சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி ஆம்பியரைச் சற்றே தாண்டும். விடை அதிலிருந்து எங்கோ விலகினால் அலகில்தான் கோளாறு. அநேகமாக ஆர்பிஎம்மை ரேடியனுக்கு மாற்றியிருக்க மாட்டீர்கள், அல்லது செறிவை லிட்டர் கணக்கிலேயே விட்டிருப்பீர்கள்.

இந்த முறை பலரைக் கவிழ்த்தது உப்புநீரில் செம்பு. எஃகு என்றால் ஆக்சிஜன் வரத்து, எதிர்முனைப் பக்கம் என்று எழுதிவிடலாம். செம்பில் நேர்முனை மின்னோட்டமும் சுழற்சியோடு ஏறும்; கரைந்த செம்பு-குளோரைடு அணைவு (செம்பும் குளோரைடும் இணைந்த அயனி) மேற்பரப்பை விட்டு விலகும் வேகம்தான் அங்கே தடை. கேள்வி கொஞ்சம் குரூரம்தான், ஆனால் நியாயமானது.

அப்புறம் சில்லறை விஷயங்கள்:

- வட்டின் லெவிச் வரைபடத்தில் (வேகத்தோடு மின்னோட்டம் ஏறுவதைக் காட்டும் கோடு) எக்ஸ் அச்சில் வேகத்தின் வர்க்கமூலம் என்று எழுதுங்கள். உருளைக்கு 0.7 அடுக்கு.
- குழாயோடு ஒப்பிடச் சொன்னால் வேகத்தைச் சமப்படுத்தாதீர்கள். நிறைக்கடத்தல் கெழுவையோ சுவர்ச் சறுக்குத் தகைவையோ (ஓடும் நீர் சுவரை இழுக்கும் அளவு) சமப்படுத்துங்கள்.
- துருப் படலம் தடித்தால் லெவிச் கோடு வளையும். வளைந்த புள்ளிகளை நேர்கோட்டில் திணிக்காமல் காரணத்தை ஒரு வரி எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு.