லாஸ் வென்டாஸில் இரண்டு காளைகள்

மாட்ரிட் மெட்ரோவில் வென்டாஸ் நிலையத்தில் இறங்கிப் படியேறினால், எதிரே செங்கல் கோட்டைபோல நிற்கிறது லாஸ் வென்டாஸ் காளைச் சண்டை அரங்கம். 1931-இல் திறந்தது. சுமார் 23,000 பேர் உட்காரலாம். வெளியே ஒரு சிலை: காளையோடு மோதும் வீரரான மத்தாடோர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு மரியாதை செய்கிறார். கொம்புக் குத்தில் சீழ் வைத்துச் செத்துக்கொண்டிருந்த வீரர்களை அந்த மருந்து பிழைக்க வைத்ததற்கு நன்றி. அதன் முன்னால் நின்றபோது, இந்த ஊர்க்காரர்களை என்னால் புரிந்துகொள்ள முடியும் என்றுதான் தோன்றியது.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். எங்கள் தொழுவத்தில் வெகுகாலம் ஒரு புலிக்குளம் காளை நின்றது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2017 ஜனவரியில் தமுக்கம் மைதானத்தில் நானும் இரவு பகலாக உட்கார்ந்திருந்தேன். வாடிவாசலை ஒருநாளும் பார்த்திராதவர்கள் எங்களைக் காட்டுமிராண்டிகள் என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான், நேரில் பார்க்காமல் ஸ்பெயின்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டிக்கெட் வாங்கினேன்.

மே மாதம், சான் இசித்ரோ திருவிழா. இசித்ரோ மாட்ரிட்டின் காவல் புனிதர். ஏர் ஓட்டிய கூலி விவசாயி. அவர் ஜெபத்தில் இருந்த நேரத்தில் தேவதூதர்கள் வந்து மாடு பூட்டி உழுதார்கள் என்பது கதை. உழவரின் பெயரால் நடக்கும் விழா என்றதும் எனக்கு மாட்டுப் பொங்கல் நினைவுதான் வந்தது.

வெயில் படும் பக்கம் டிக்கெட் விலை குறைவு. நிழல் பக்கம் அதிகம். வாடகைக்கு ஒரு மெத்தை வாங்கி, கல் படியில் போட்டு உட்கார்ந்தேன். பின்வரிசைக்காரரின் முழங்கால் என் முதுகில் இடித்தது. பக்கத்தில் ஒரு பெரியவரும் அவருடைய பேரனும். பேரனுக்கு ஆங்கிலம் தெரியும். நான் வெளியூர்க்காரன் என்று தெரிந்ததும் பெரியவர் முதலில் சொன்னது: மணலில் காளை நிற்கும்போது யாரும் எழுந்து நடமாடக் கூடாது, அது காளைக்குச் செய்யும் அவமரியாதை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எக்காளம் ஊதியது. முதல் காளை வந்தது. கருகருவென்று, 548 கிலோ என்று பலகையில் எழுதிக் காட்டினார்கள். அது ஓடி வந்து மணலில் திரும்பிய வேகத்தைப் பார்த்து நான் என்னை மறந்து எழுந்தேவிட்டேன். பேரன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

பிறகு குதிரைமேல் ஈட்டிக்காரர் வந்தார். குதிரையின் கண்ணைக் கட்டி, உடம்புக்குக் கனத்த மெத்தைக் கவசம் போட்டிருந்தார்கள். 1928-இல் இந்தக் கவசம் கட்டாயமாகும் முன் குதிரைகள் குடல் சரிந்து செத்தனவாம். காளை குதிரையை முட்டித் தள்ளியபோது ஈட்டி மேலிருந்து இறங்கியது. இறங்கிய இடம் கழுத்தின் பின்புறம், கோபத்தில் புடைத்து நிற்கும் தசை. அந்த மாடுகளுக்குத் திமில் கிடையாது. ஆனாலும் எங்கள் காளைக்குத் திமில் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால்தான் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நெஞ்சோடு சேர்த்து அணைக்கும் இடத்தை ஒட்டி இரும்பு இறங்குவதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அரங்கத்தின் அழகு எதுவும் என் கண்ணில் படவில்லை.

வண்ணக் காகிதம் சுற்றிய கொக்கிக் குச்சிகளை இரண்டிரண்டாகக் குத்தினார்கள். மத்தாடோர் சிவப்புத் துணியோடு வந்தார். அவர் அசையாமல் நின்ற துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொம்பு அவர் இடுப்பை உரசிக்கொண்டு போயிற்று. ஆனால் வாள் முதல் தடவை எலும்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது பாதிவரை இறங்கியது. காளை மெல்ல நடந்து மரவேலிக்குப் போய், பலகையில் விலாவைச் சாய்த்துக்கொண்டு நின்றது. காய்ச்சல் கண்ட மாடு தொழுவத்துச் சுவரில் சாய்வது போலவே. முன்கால்கள் மடிந்தன. ஒருவர் குறுங்கத்தியால் முடித்தார். சலங்கை கட்டிய கோவேறு கழுதைகள் வந்து இழுத்துக்கொண்டு போயின. பெரியவர் கோபமாகச் சீட்டி அடித்தார். இவ்வளவு நல்ல காளைக்கு இவ்வளவு மோசமான சாவா என்பது அவர் கோபம்.

அந்த இடைவெளியில் பேரன் கேட்டான்: நீங்கள் கோழி சாப்பிடுவீர்களா? சாப்பிடுவேன். நாற்பது நாள் நெருக்கியடித்த கொட்டகையில் வளரும் கோழியைவிட, நான்கைந்து வருடம் மேய்ச்சலில் திரிந்த காளையின் வாழ்க்கை மேல் இல்லையா என்றான். மேல்தான். அதை மறுக்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கமும் சுத்தமில்லை. வாலை முறுக்குவதையும் கடிப்பதையும் சிறு வயதில் நானே பார்த்திருக்கிறேன். விதிகள் வந்து, 2023-இல் உச்ச நீதிமன்றமே தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்ற பிறகும், களத்தில் பிள்ளைகள் சாகிறார்கள், காளைகளும் சாகின்றன. ஆனால் அங்கே சாவு நேர்ந்தால் அது விபத்து; அன்றைய தினத்துக்கே துக்கம். இங்கே அதைப் பார்க்கத்தான் டிக்கெட்.

இரண்டாவது காளையையும் கடைசிவரை பார்த்தேன். கழுதைகள் இழுத்துப் போன பிறகு எழுந்தேன். இன்னும் நான்கு காளைகள் பாக்கி. பெரியவர் என் கையைப் பிடித்து அழுத்தினார், தடுக்கவில்லை.

இந்த விளையாட்டு இருக்கவேண்டுமா என்பதை ஸ்பெயின்காரர்கள் தங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பெயினின் ஒரு பகுதியான கத்தலோனியாவின் நாடாளுமன்றம் 2010-இல் அங்கே தடை செய்தது. 2016-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்த வழக்கில் வாதியாக நிற்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் உட்கார்ந்த கல்லுக்கு நான் கொடுத்த பணம் என்னுடையது. ‘புரிந்துகொள்ள வந்தேன்’ என்பதற்காக வாசலில் யாரும் வேறு டிக்கெட் தருவதில்லை. பெரியவர் கொடுத்த அதே பணம்தான் நானும் கொடுத்தேன். அவராவது ஐம்பது வருடமாகக் காளையைப் பார்க்கத் தெரிந்தவர். நான் ஒரு மாலைப்பொழுதுக்காக இரண்டு சாவுக்குப் பங்கு போட்டவன். அலங்காநல்லூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று போடும் தனி மேடை நினைவுக்கு வந்தது. அதில் இருப்பவர்களைப் பார்த்துச் சிறு வயதில் பெருமையாகக் கையசைத்திருக்கிறேன். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன்.

மாட்ரிட் போகிறவர்கள் என்னிடம் கேட்டால், பகலில் போங்கள் என்று சொல்கிறேன். காலி அரங்கத்தைச் சுற்றிக்காட்டுகிறார்கள், அருங்காட்சியகமும் இருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான் என்பது இப்போது தெரிகிறது.

மறுநாள் காலை வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பத்தா வாங்கிக்கொண்டு, அந்த ஊர்க் காளை எப்படி இருந்தது என்றார். நன்றாகப் பாய்ந்தது என்றேன். கடைசியில் யார் கயிறு போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அப்பாவிடம் கொடுக்கிறேன் என்று போனைக் கொடுத்துவிட்டார்.