சிங்கப்பூரில் தொழில் தொடங்க எந்தப் பாஸ்?

சிங்கப்பூரில் கம்பெனி பதிவது பெரிய வேலையே இல்லை. பெயருக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பதிவுக்கு 300 வெள்ளி, மூலதனம் ஒரு வெள்ளி இருந்தாலும் போதும். ஊரிலிருந்தபடியே பதிவு முகவர் மூலம் முடித்துவிடலாம். ஆனால் கம்பெனி உங்களுடையது என்பதற்காக அங்கே வேலை பார்க்கும் உரிமை வந்துவிடாது. அதற்குத் தனியாகப் பாஸ், அதாவது அரசு தரும் வேலை அனுமதி, வேண்டும்.

பெயரைப் பார்த்துப் பலரும் முதலில் தொழில்முனைவோருக்கான ஆன்ட்ரபாஸைத்தான் விசாரிக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பள நிபந்தனை அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது முதலீட்டாளர் ஆதரவோ புதிய தொழில்நுட்பமோ உள்ளவர்களுக்கானது. காப்பிக் கடை, உணவங்காடி, மதுக்கூடம், மசாஜ் நிலையம், ஆள்சேர்ப்பு நிறுவனம் எதற்கும் கிடைக்காது. கம்பெனியில் குறைந்தது 30% பங்கு உங்களிடம் இருக்க வேண்டும். கம்பெனி பதிந்து 6 மாதம் தாண்டியிருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே அவசரப்பட்டு முன்கூட்டியே பதியாதீர்கள்.

மற்றவர்களுக்கு வழி, சொந்தக் கம்பெனியே தன் முதலாளிக்கு எடுக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரி முதல் இதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித் துறைக்கு 6,200. வயதோடு இது ஏறி, நிதி அல்லாத துறைகளில் 45 வயதில் 10,700 ஆகிறது. இதைத் தாண்டிய பிறகு காம்பஸ் என்ற புள்ளி மதிப்பீட்டில் 40 புள்ளி எடுக்க வேண்டும். புதுக் கம்பெனிக்கு இங்கே ஒரு சலுகை: நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக இருந்தால் இரண்டு பிரிவுகளில் தலா 10 புள்ளி தானாக வந்துவிடும். சரிபார்த்த சாதாரணப் பட்டத்துக்கு 10. மீதி 10 சம்பளத்தில் வர வேண்டும்: அதே துறையில் உங்கள் வயதுள்ள உள்ளூர் நிபுணர்களில் 65 விழுக்காட்டினரின் சம்பளத்தை அது எட்டியோ மிஞ்சியோ இருக்க வேண்டும். பட்டம் இல்லையென்றால் சம்பளத்திலேயே 20 வேண்டும், அதாவது 90 விழுக்காட்டினரின் அளவு.

இங்கேதான் கணக்கு தப்புகிறது. விண்ணப்பத்தில் 10,700 வெள்ளி என்று எழுதினால் ஆண்டுக்கு 1,28,400 வெள்ளி உங்களுக்கே சம்பளமாகப் போக வேண்டும், வியாபாரம் வந்தாலும் வராவிட்டாலும். தாளில் ஒன்று எழுதி, கையில் வேறு வாங்கினால் பொய்த் தகவல் குற்றம்: 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாடகைக்கு முன்பணம் கொடுக்கும் முன் முதல் ஆண்டுச் சம்பளத்தை ஒதுக்கி வையுங்கள்.

பாஸ் வரும்வரை உள்ளூரில் வசிக்கும் ஓர் இயக்குநர் கம்பெனியில் இருந்தாக வேண்டும். பெயரளவு இயக்குநரை வைப்பதென்றால், பதிவுபெற்ற நிறுவனச் சேவையாளர் மூலம் மட்டும் வையுங்கள்.

கணவனோ மனைவியோ ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்து, நீங்கள் அவரைச் சார்ந்தவர் என்ற டிபன்டன்ட் பாஸில் இருக்கிறீர்களா? குறைந்தது 30% பங்குள்ள இயக்குநராக, வேலை செய்ய அனுமதிக்கும் இசைவுக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ ஒருவரை அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்திலாவது வேலைக்கு வைத்து, மூன்று மாதமாவது அவருக்கு மத்திய சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டியிருக்க வேண்டும். நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வழியைத்தான்.