தில்லியில் இருக்கும் துர்பான் சுவர்கள்

தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் சோழர் செப்புத் திருமேனிகளைக் கண்டதுமே நிறைவடைந்து திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள மத்திய ஆசியத் தொகுப்பில், இன்றைய சீனாவின் சின்ஜியாங் பகுதியிலுள்ள துர்பான் நகருக்கு அருகே அமைந்த பெசெக்லிக் குடைவரைப் பௌத்த மடாலயத்தின் இடைக்கால ஓவியங்களும் உள்ளன. துருக்கிய இனத்தவரான உய்குர்களின் அரசின் ஆதரவில் செழித்த அம்மடத்தின் சுவர்களிலிருந்து, 1913 முதல் 1916 வரையிலான தமது மூன்றாம் மத்திய ஆசியப் பயணத்தின்போது தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் அவற்றை அறுத்தெடுத்து, பெட்டிகளில் அடைத்து, மலைகளைக் கடந்து இந்தியாவுக்கு அனுப்பினார்.

இத்தாலிய மடங்களில் ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டிய வண்ணம், பூச்சு இறுகும்போது அதனுடனேயே ஒன்றிவிடும். பெசெக்லிக்கிலோ, வைக்கோல் கலந்த களிமண் பூச்சு உலர்ந்த பின்பே வண்ணம் தீட்டினார்கள். அத்தகைய சுவரை அறுப்பதும் எளிது, அது உதிர்வதும் எளிது.

ஸ்டைன் செய்தது கொள்ளை என்பாரை நான் மறுக்கமாட்டேன். ஆயினும், இதே மடத்திலிருந்து ஜெர்மானிய ஆய்வாளர் லெ கோக் பெர்லினுக்குக் கொண்டுசென்றவற்றுள், அங்கே சுவரோடு பொருத்தப்பட்டிருந்த பெரிய ஓவியங்கள் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களுக்கு, நல்லவேளையாக, இந்த அலைச்சல் நேரவில்லை.