தம்பியின் பீர் டிரம்மும் என் ஓ-ரிங் கடையும்

நான் விற்பது ஓ-ரிங், அதாவது இடுக்குகளில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். கூடவே கேஸ்கெட், ஆயில் சீல், பம்புக்கான மெக்கானிக்கல் சீல். காந்திபுரம் பக்கம் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய கடை. பீர் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் பீர் நொதிக்க வைக்கும் பிரஷர் ஃபெர்மென்டரைப் பற்றி எழுதத் துணிகிறேன். அதில் கெட்டுப்போகிற பாகங்களில் முக்கால்வாசி என் கடை அலமாரியில் இருப்பவை.

தம்பி மெல்போர்னில் இருக்கிறான். அங்கே சொந்த வீட்டுக்கு பீர் தயாரிப்பதற்குத் தடை இல்லை. சாராயம் வடித்தால்தான் வம்பு. இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதையே தடுக்கிறது. வீட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகையால் இதைப் படித்துவிட்டு சரவணம்பட்டியிலோ பெருந்துறையிலோ யாரும் பீருக்கான மால்ட்டை (முளைவிட்ட தானியத்தை) ஊறவைக்க வேண்டாம்.

அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது கார் ஷெட்டின் மூலையில் அதைப் பார்த்தேன். கெட்டியான பெட் பிளாஸ்டிக் உருளை, திருகு மூடி, மூடியில் வாயுவுக்கு ஒன்றும் பீருக்கு ஒன்றுமாக இரண்டு வால்வு. பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டும் கேஜுடன் ஒரு சிறு கருவி. அதற்கு ஸ்பண்டிங் வால்வு என்று பெயர். நாம் வைத்த அளவை அழுத்தம் தாண்டினால், மிஞ்சிய வாயுவை மட்டும் மெல்ல வெளியே விடும்.

சாதாரணப் பாத்திரத்தில் ஈஸ்ட் உண்டாக்கும் கரியமில வாயு அப்படியே வெளியேறிவிடும். இதில் அதை உள்ளேயே பிடித்து வைக்கிறார்கள். லாகர் வகை பீரை வழக்கமாக 10 முதல் 12 டிகிரிக் குளிரில் வாரக்கணக்கில் வைக்க வேண்டும். சூடு கூடினால் ஈஸ்ட் எஸ்டர்களை உண்டாக்கி, பீரில் வாழைப்பழ வாசம் வந்துவிடும். ஒரு பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் அந்த எஸ்டர்கள் குறைகின்றன. 20 டிகிரியிலேயே சுத்தமான லாகர் கிடைக்கிறது என்பது தம்பியின் வாதம். நாக்கைச் சாட்சிக்கு அழைத்தான். எனக்குக் கேஜ் போதும் என்று சொல்லிவிட்டேன். அதைவிடப் பெரிய லாபம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றும்போது உள்ளிருக்கும் வாயுவே அதைத் தள்ளிவிடுகிறது. வெளிக்காற்று படுவதே இல்லை. பீரைப் பழசாக்குவது ஆக்சிஜன்தான்.

அவனுடைய ஷெட் கூரையில் பச்சைக் கறை ஒன்று இருந்தது. ஹாப்ஸ் என்றான், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. வாயு ஏறிய பீரின் அழுத்தத்தை இறக்கி, மூடியைத் திறந்து, ஹாப்ஸ் உருண்டைகளைக் கொட்டியிருக்கிறான். உருண்டையின் சொரசொரப்பில் வாயு முழுவதும் ஒரே நேரத்தில் குமிழாகிப் பொங்கி எழுந்துவிட்டது. நான் சிரித்ததை அவன் ரசிக்கவில்லை. நுரை விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாத்திரத்தைக் கழுத்துவரை நிரப்பினால் நொதிக்கும் நுரை ஏறி ஸ்பண்டிங் வால்வுக்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு வால்வு திறக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கால் பங்கு இடம் காலியாக விடுவதும், ஒவ்வொரு முறையும் அந்த வால்வைக் கழற்றிக் கழுவுவதும் கட்டாயம். கூடவே யாரும் கை வைக்காத தனிப் பாதுகாப்பு வால்வு ஒன்றும் இருந்தாக வேண்டும்.

கசிவு என்றால் எல்லோரும் மூடியை இன்னும் இறுக்குகிறார்கள். என் தொழிலில் தினமும் பார்ப்பது இது. ஓ-ரிங்கை முரட்டுத்தனமாக நசுக்கினால் அது பிடிக்காது, தட்டையாகிச் செத்துப்போகும். லேசாக நசுங்கினால் போதும், உள்ளே இருக்கும் அழுத்தமே அதை இடுக்கில் தள்ளி இன்னும் இறுக அடைக்கும். கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில் மூடியே கிடையாது. வாயு கோலியை மேலே தள்ள, கோலி கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் போய் உட்காருகிறது. குளிர்பானக் கம்பெனிகள் முன்பு பயன்படுத்திய 19 லிட்டர் எவர்சில்வர் கெக்கின் (பானம் அடைக்கும் பீப்பாயின்) முட்டை வடிவ மூடியும் இதே வேலைதான்: உள்ளிருந்து வெளிப்பக்கமாக அழுந்துகிறது. அதனால்தான் காலியான கெக்கின் மூடி கசிவதுபோலத் தோன்றும். கொஞ்சம் வாயு ஏற்றினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். சந்தேகமிருந்தால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். காதை வைத்துக் கேட்பதெல்லாம் வீண்.

ரிங்குக்கு என்ன தடவுவது? தம்பி அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். அம்மா கொடுத்தனுப்பிய பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய். “அக்கா, இது சுத்தமானதுதானே?” என்றான். சுத்தம்தான், தலைக்கு. இ.பி.டி.எம். ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் தாங்கும், ஆனால் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், பீரின் நுரையையும் கொன்றுவிடும். உணவுத் தரச் சிலிக்கோன் கிரீஸ் துளி போதும். அதிலும் ஒரு விலக்கு: ரிங்கே சிலிக்கோனாக இருந்தால் அந்த கிரீஸ் அதற்கு ஆகாது. சிலிக்கோன் ரப்பர் மென்மையாகப் பிடிக்கும், ஆனால் வாயுவை மெல்ல ஊடுருவ விடும். மாதக்கணக்கில் அடைத்து வைக்க அது ஏற்றதல்ல. நிறத்தைப் பார்த்து ரப்பரை அடையாளம் காண முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பாக இருப்பதெல்லாம் நைட்ரைல் அல்ல.

கழுவுவதில் பெட் பிளாஸ்டிக்குக்குப் பெரிய எதிரி காஸ்டிக் சோடா. திருப்பூர்க்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பாலியஸ்டர் துணியை மெல்லிசாக்க காஸ்டிக்கில் போட்டு எடை குறைப்பார்கள் அல்லவா? அந்த பாலியஸ்டரும் இந்தப் பாத்திரமும் ஒரே சரக்கு. துணிக்கு நல்லது, பாத்திரத்துக்குக் கேடு. கொதிநீரும் கூடாது, வளைந்துவிடும். 50 டிகிரிக்குள் வெதுவெதுப்பான நீரில் சோடியம் பெர்கார்பனேட் கலந்து ஊறவைத்தால் அழுக்கு தானே விட்டுவிடும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் அந்தக் கீறல்களில்தான் கிருமியும் குடியிருக்கும், விரிசலும் தொடங்கும். எவர்சில்வருக்கு பிளீச்சிங் பவுடர் ஆகாது. குளோரைடு புள்ளிப் புள்ளியாகத் துளைத்துவிடும்.

பழைய பாத்திரம் தாங்குமா என்று சோதிக்க நினைத்தால் தண்ணீரால் சோதியுங்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பிறகு அதன் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். தம்பியினுடையதில் 2.4 பார் என்று இருந்தது. தண்ணீர் அமுங்காது, உடைந்தால் தரை நனையும், அவ்வளவுதான். காற்று நிரப்பிச் சோதித்தால் சில்லுகள் பறக்கும். நம் ஊரில் பம்பு உறைகளைத் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பதற்கும் இதுதான் காரணம்.

தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு பழைய கெக்கைத் துணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தான். அதில் நான் சோடா போடுகிறேன். ஈஸ்ட் இல்லை, வெறும் சிறுவாணித் தண்ணீரும் கரியமில வாயு சிலிண்டரும். போர்வெல் தண்ணீரைத் தொடுவதில்லை. வால்வின் ஸ்பிரிங்கில் வெள்ளைப் படிவு ஏறிவிடும், பிறகு எலுமிச்சை உப்பில் ஊறப்போட வேண்டியிருக்கும். குளிர வைப்பதில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. ஒரு லிட்டரில், பீருக்கு வேண்டிய அளவான இரண்டரை லிட்டர் வாயு கரைய 4 டிகிரியில் ஏறத்தாழ 0.8 பார் போதும்; 20 டிகிரியில் ஏறத்தாழ 2 பார் வேண்டும். சித்திரை வெயிலில் கோயம்புத்தூர் சமையலறையில் எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சோடாவுக்கு இதைவிடக் கூடவே வேண்டும். இஞ்சிச் சாறும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் தம்ளரில்தான் கலக்கிறேன். கெக்கில் ஊற்றினால் ரப்பர் இஞ்சி வாசத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. சர்க்கரை இருந்தால் அழைக்காத ஈஸ்டும் வந்து சேரும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டி, சன்னல் உள்ள இடத்தில் வைத்திருக்கிறேன். மூடிய அறையில் கரியமில வாயு கசிந்தால் ஆளையே கொன்றுவிடும்.

போன வாரம் தம்பி படம் அனுப்பினான். பீர் வால்வின் அடியில் குமிழ். எந்த ரிங் வேண்டும் என்று கேட்டான். உள்விட்டமும் தடிமனும் அளந்து அனுப்பு என்றேன். ரிங்கின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து இன்னொரு படம் அனுப்பியிருக்கிறான். கடையில் அளவு தெரியாமல் வருகிறவர்களிடம் சொல்வதையே அவனுக்கும் எழுதினேன்: பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வா.