வட்டம் போட்டு நியூரான் கிளைய எண்ணுறது

நேத்து ராத்திரி முழுக்க இதே வேலைதான், கரு மூளையோட நியூரான், அதாவது நரம்பு செல், படம் ஒன்ன வெச்சுக்கிட்டு செல் நடுவுல புள்ளி, அதச் சுத்தி பத்து பத்து மைக்ரானுக்கு ஒரு வட்டம்னு போட்டு கிளைங்க எத்தன எடத்துல வட்டத்த வெட்டுதுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஷோல் அனாலிசிஸ்னு பேரு, 1953ல ஷோல்ங்கற விஞ்ஞானி பூனை மூளைய வெச்சு பண்ணது, இன்னிக்கும் அதான் ஓடுது. கரு மூளை வளரும்போது தன் எடத்துக்கு இன்னும் நகர்ந்து போய்ட்டிருக்கற நியூரான்ல முன்னாடி ஒரு நீட்டம் பின்னாடி ஒரு நீட்டம் அவ்ளோதான், எண்ண ஒன்னுமில்ல. கார்டெக்ஸ்ல, அதான் மூளையோட வெளி அடுக்குல, போய் செட்டில் ஆனப்புறம் டென்ட்ரைட், அதாவது சிக்னல் வாங்குற கிளைங்க, நல்லா கிளை விடும்போதுதான் தூரத்துக்கு எத்தன வெட்டுன்னு போடுற கிராஃப்ல ஒரு மேடு எழும்பும். கடுப்பு என்னன்னா நேரா போற கிளையும் நெளிஞ்சு போறதும் எண்ணிக்கையில ஒன்னாதான் தெரியும், அதுக்கு ஃப்ராக்டல் டைமென்ஷனும் பார்க்கணும், கிளைங்க எவ்ளோ சிக்கலா எடத்த நெரப்புதுன்னு சொல்ற எண் அது, தட்டைப் படத்துல 1க்கும் 2க்கும் நடுவுல வரும். மூணாவது வட்டத்துல ரெண்டு கிளை ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒன்னா ரெண்டான்னு இன்னும் முடிவு பண்ணல.